புகையில் போகும் பெட்ரோல் யார் கணக்கில்?

2015ஆம் ஆண்டின் கடைசியில் டிவிஎஸ் நிறுவனம் எக்ஸ்எல் 100 என்ற ஃபோர்-ஸ்ட்ரோக் மொபெட்டை இறக்கியபோது, சந்தைப்பேட்டைகளில் எழுந்த முதல் கேள்வி விலையைப் பற்றியும் இல்லை, மைலேஜைப் பற்றியும் இல்லை. “மூட்டை இழுக்குமா?” என்பதுதான் கேள்வி. வாழைத்தார், பால் கேன், கோழிக்கூண்டு, கீரைக்கட்டு, ஐஸ் போட்ட மீன்பெட்டி என்று முப்பத்தைந்து ஆண்டுகளாக டூ-ஸ்ட்ரோக் வண்டியில் ஏற்றிப் பழகியவர்கள் கேட்டார்கள். “சத்தம் குறைச்சல், புகை இல்லை, எல்லாம் சரி. ஆனா மேட்டுல திணறுமே” என்பது டீக்கடைத் தீர்ப்பாக இருந்தது.

அதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. அந்தச் சந்தேகத்துக்குள் நல்ல பொறியியல் இருந்தது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஒருமுறை எரிபொருள் வெடித்து பிஸ்டனைத் தள்ளும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அந்தத் தள்ளல். நிமிடத்துக்கு 5,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், முன்னதில் 5,000 தள்ளல், பின்னதில் 2,500. சிலிண்டர் ஒரே அளவு என்றால் டூ-ஸ்ட்ரோக் கூடுதலாக இழுப்பது இயற்கை. இரட்டிப்பாக இழுக்காது, அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது இந்தக் கேள்வி வேறொரு கூட்டத்திடமிருந்தும் வருகிறது. புல் வெட்டும் மெஷினின் இன்ஜினையோ, இணையத்தில் வாங்கிய ‘கிட்’டையோ சைக்கிளில் பூட்டிப் பார்க்கும் இளைஞர்கள். எதை மாட்டுவது, டூ-ஸ்ட்ரோக்கா ஃபோர்-ஸ்ட்ரோக்கா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிளானாலும் மொபெட்டானாலும், இன்ஜின்தான் வேண்டும் என்பவருக்கு இன்று ஃபோர்-ஸ்ட்ரோக்கே சரி. ஆனால், டூ-ஸ்ட்ரோக்கை ‘புகைவண்டி’ என்று இகழ்ந்துவிட்டு அந்த முடிவுக்கு வருகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த இன்ஜின் ஏழைக்கு என்ன கொடுத்தது, யாரிடமிருந்து எடுத்துக் கொடுத்தது என்கிற இரண்டு கணக்கையும் பார்க்க வேண்டும்.

சைக்கிளுக்கு டூ-ஸ்ட்ரோக் ஏன் அத்தனை கச்சிதமாகப் பொருந்தியது? அதில் வால்வு கிடையாது. கேம், டைமிங் செயின், டேப்பட் எதுவும் கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள் இருக்கும். மேலும் கீழும் போகிற பிஸ்டனே அவற்றைத் திறக்கும், மூடும். ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுவதால் அதற்கென்று தொட்டியும் பம்பும் வேண்டாம். எந்தப் பக்கம் சாய்த்து வைத்தாலும் ஓடும். பத்துப் பதினைந்து கிலோ சைக்கிளில் ஏற்றும்போது ஒவ்வொரு கிலோவும் கணக்கு. இந்த இன்ஜினோ கைக்கு அடக்கமானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரான்சில் வந்த வெலோசோலெக்ஸ், முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்து ஓர் உருளையால் டயரை உரசியே வண்டியை ஓட்டியது. 1950இல் பிரிட்டனில் வந்த சைக்கிள்மாஸ்டர், 25.7 சிசி இன்ஜினைப் பின்சக்கரத்துக்குள்ளேயே ஒளித்துவைத்தது. இரண்டும் டூ-ஸ்ட்ரோக்.

நம் நாட்டுக் கதையும் அதே வழிதான். இத்தாலியின் பியாஜியோ சாவ் மொபெட்டின் உரிமத்தில் புணேயின் கைனடிக் நிறுவனம் 1972இல் லூனாவைக் கொண்டுவந்தது. திருப்பதியில் சுவேகா உருவானது. சென்னை என்ஃபீல்டு 22 சிசி மோஃபாவை விற்றுப் பார்த்தது. 1980இல் ஓசூர் ஆலையிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. மொபெட்டில் இன்னொருவரை உட்காரவைத்துக்கொண்டு போகலாம் என்று இந்தியாவில் முதலில் காட்டியது அதுதான். சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும். கிளட்சும் கியரும் கற்க வேண்டியதில்லை. ஸ்டாண்டு போட்டு, ஏறி உட்கார்ந்து, பெடலை நாலு மிதி மிதித்து ஸ்டார்ட் செய்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. இன்ஜின் மக்கர் செய்தால் வீடுவரை மிதித்தே வந்துவிடலாம் என்பது அன்று பெரிய தைரியம்.

அந்த வண்டியைப் பட்டறையில் பிரித்துப் போட்டிருக்கும்போது பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஹெட்டுக்கு நாலு நட்டு. அதைக் கழற்றினால் சிலிண்டர் கையோடு மேலே வந்துவிடும். பிஸ்டனின் மண்டையில் கரி கட்டியாகப் பிடித்திருக்கும். உடைந்த ஹேக்ஸா பிளேடால் அதைச் சுரண்டி எடுப்பார் மெக்கானிக். ரிங் தேய்ந்திருந்தால் புது ரிங். சிலிண்டரே தேய்ந்திருந்தால் லேத் பட்டறைக்கு அனுப்பி போர் செய்து, ஒரு சைஸ் கூடிய பிஸ்டன். சைலன்சர் அடைத்துக்கொண்டால் சாலையோரத்தில் போட்டு நெருப்பு மூட்டி, சுத்தியலால் தட்டினால் கரி பொலபொலவென்று கொட்டும். பிளக்கை எமரி பேப்பரில் தேய்த்து மாட்டி, ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துக் கொடுத்துவிடுவார். காலையில் விட்ட வண்டி மதியச் சந்தைக்குக் கிடைத்துவிடும். மணிக்கணக்கில் வேலை வாங்கி, மணிக்கணக்கில் கூலி கேட்கிற இன்ஜினாக அது இருந்திருந்தால், கூலிக்காரர் வீட்டுத் திண்ணைக்கு வந்திருக்காது.

ஆக, சின்ன வண்டி என்றால் டூ-ஸ்ட்ரோக்தான் வழி என்று நினைக்கத் தோன்றும். அது உண்மையல்ல என்பதற்கு அன்றே சாட்சிகள் இருந்தன. 1946இல் இத்தாலியில், பின்னாளில் பந்தய பைக்குகளால் உலகப் புகழ் பெற்ற டுகாட்டி நிறுவனம், சைக்கிளில் பூட்டுவதற்கென்றே குச்சியோலோ என்ற 48 சிசி இன்ஜினைத் தயாரிக்கத் தொடங்கியது. அது ஃபோர்-ஸ்ட்ரோக். போரில் நொறுங்கிப்போன நாட்டில், பெட்ரோல் தட்டுப்பாட்டு நாட்களில், சொட்டுப் பெட்ரோலில் ஓடியதால்தான் அது விற்றது.

ஜப்பானில் சொய்ச்சிரோ ஹோண்டாவின் கதை இன்னும் சுவையானது. போர் முடிந்தபின், ராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த குட்டி இன்ஜின்களை மலிவாக வாங்கிச் சைக்கிளில் பூட்டி விற்றார். பெட்ரோல் கிடைக்காத காலம். பைன் மர வேரிலிருந்து எடுத்த எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். 1947இல் அவரே தயாரித்த முதல் இன்ஜினும் டூ-ஸ்ட்ரோக்தான். 1952இல் வந்த கப் எஃப் என்ற சைக்கிள் இன்ஜினும் அப்படியே. வெள்ளை டேங்க், சிவப்பு இன்ஜின் என்று அழகாக இருக்கும் அதை, நாடு முழுக்க இருந்த சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் போட்டே விற்றார்கள். ஆனால், 1958இல் சூப்பர் கப் வந்தபோது ஹோண்டா கட்சி மாறியிருந்தார். 49 சிசி, ஃபோர்-ஸ்ட்ரோக், 4.5 குதிரைத்திறன். 2017இல் அந்த வரிசை வண்டிகளின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. சின்ன ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வேலை நடக்காது என்று சொல்கிறவர்களுக்கு வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியத் தெருக்கள் பதில் சொல்லும்.

அப்படியானால் நாம் ஏன் அன்றே ஃபோர்-ஸ்ட்ரோக் மொபெட் செய்யவில்லை? சூப்பர் கப்பின் இன்ஜின் நிமிடத்துக்கு 9,500 சுற்று ஓடியது. குண்டூசித் தலைபோன்ற வால்வுகள் அந்த வேகத்தில் பிசகாமல் திறந்து மூட, நுணுக்கமான கடைசல் வேலையும் நல்ல இரும்பும் வேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாடு, உற்பத்திக்கு உரிமம் என்றிருந்த எழுபதுகளின் இந்தியாவில் அதைச் செய்து, குமாஸ்தாவால் வாங்கக்கூடிய விலைக்கும் விற்பது சுலபமாக இருந்திருக்காது. டூ-ஸ்ட்ரோக் நமக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது, எடுத்துக்கொண்டோம். அதில் தவறு காண எதுவும் இல்லை.

கணக்கு எங்கே இடித்தது என்றால், புகைக்குழாயில்.

டூ-ஸ்ட்ரோக்கில் எரிந்த வாயுவை வெளியே தள்ளுவது, உள்ளே வருகிற புதிய பெட்ரோல்-காற்றுக் கலவைதான். இரண்டு ஓட்டைகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். முற்றத்தில் தேங்கிய அழுக்குத் தண்ணீரை, குடத்துத் தண்ணீரைக் கொட்டியே வெளியேற்றுவதுபோல. அழுக்கு முழுக்கப் போகும்போது நல்ல தண்ணீரும் கொஞ்சம் கூடவே போய்விடும். அப்படிப் போவது எரியாத பெட்ரோல். இருமடங்கு தள்ளல் இருந்தும் இருமடங்கு இழுவை கிடைக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எவ்வளவு போகிறது? நம் சட்டத்தை வைத்தே கணக்குப் போடலாம். 1996ஆம் ஆண்டின் மாசு விதி, இருசக்கர வாகனம் ஒரு கிலோமீட்டருக்கு ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்த்து 3.6 கிராம்வரை வெளியிடலாம் என்றது. டூ-ஸ்ட்ரோக்கில் நைட்ரஜன் ஆக்சைடு மிகக் குறைவு. ஏறக்குறைய முழுவதும் ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத எரிபொருள். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடும் வண்டி, கிலோமீட்டருக்குச் சுமார் 12 கிராம் குடிக்கிறது. அதில் 3.6 கிராம் வெளியே போகலாம் என்றால், பத்தில் மூன்று பங்கு. பெட்ரோல் பங்கில் பத்து ரூபாய் கொடுத்துப் போட்டதில் மூன்று ரூபாயைத் தெருவில் தூவிக்கொண்டே போகலாம், அப்போதும் வண்டி சட்டப்படி சரியானது. 2000இல் அந்த அளவு 2 கிராமாகவும், 2005இல் 1.5 கிராமாகவும், 2010இல் 1 கிராமாகவும் குறைந்தது. ஒவ்வொரு படியிலும் கார்புரேட்டரைத் திருத்தி, சைலன்சருக்குள் வினையூக்கி வைத்து டூ-ஸ்ட்ரோக் எப்படியோ தப்பிப் பிழைத்தது. 2017 ஏப்ரலில் பிஎஸ்-4 என்ற அடுத்த மாசு விதி வந்ததோடு டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லின் கதை முடிந்தது.

இது பெட்ரோல் கணக்கு மட்டும்தான். ஆயில் கணக்கு தனி. லிட்டருக்கு 20 முதல் 40 மில்லி 2டி ஆயில் என்பது புத்தக அளவு. நடைமுறையில், “இன்ஜினுக்கு நல்லதுதானே, கொஞ்சம் கூடவே ஊத்துப்பா” என்பதுதான் அளவு. காசு மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள் உதிரி ஆயில் வாங்கினார்கள். ரேஷன் மண்ணெண்ணெயைக் கலந்தவர்களும் உண்டு. டூ-ஸ்ட்ரோக் அதையும் விழுங்கிக்கொண்டு நீலப் புகையாகத் திருப்பிக் கொடுத்தது. டெல்லியில் நிலைமை முற்றியபோது, 1998இல் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, பெட்ரோல் பங்குகளில் உதிரி 2டி ஆயில் விற்கக் கூடாது, அளந்து கலந்துதான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. டாக்கா நகரம் 2003 பிறந்தபோது ‘பேபி டாக்சி’ எனப்பட்ட டூ-ஸ்ட்ரோக் ஆட்டோக்களை ஒரேயடியாக வெளியேற்றியது. அவற்றின் இடத்தில் எரிவாயுவில் ஓடும் ஃபோர்-ஸ்ட்ரோக் ஆட்டோக்கள் வந்தன. சின்ன இன்ஜின்தானே என்று நினைப்போம். 2014இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, பல நகரங்களில் காற்று மாசின் பெரும்பங்கே டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களிலிருந்து வருகிறது என்றும், சிக்னலில் அப்படியொரு வண்டிக்குப் பின்னால் நிற்பவர் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனைச் சுவாசிக்கிறார் என்றும் எச்சரித்தது.

டூ-ஸ்ட்ரோக்கின் மலிவு என்பது இதுதான். வாங்குகிறவருக்கும் ஓட்டுகிறவருக்கும் மலிவு. மீதிப் பணத்தைச் சந்திப்பில் பூக்கட்டும் அம்மாவும் போக்குவரத்துக் காவலரும் வண்டியின் முன்னால் நின்றுகொண்டு வரும் பிள்ளையும் நுரையீரலால் கட்டினார்கள். அவர்களும் ஏழைகளே. ஏழையின் வண்டி என்ற வாதத்தை வைத்து அந்தப் புகைக்கு வக்காலத்து வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லாமல் போவது இந்த இடத்தில்தான்.

சரி, மூட்டை இழுக்குமா என்ற கேள்வி என்ன ஆனது? டிவிஎஸ் அதற்குச் சொன்ன பதில் நேர்மையானது. பழைய எக்ஸ்எல் சூப்பர் 69.9 சிசி. புதியது 99.7 சிசி. தள்ளல் பாதியாகக் குறைகிறது என்றால், ஒவ்வொரு தள்ளலையும் பெரிதாக்கிவிடு என்பதுதான் சூத்திரம். பழைய வண்டியின் திருப்புவிசை சுமார் 5 நியூட்டன் மீட்டர்; புதியதில் 6.5. அதுவும் குறைந்த சுற்றிலேயே கிடைக்கிறது. மூட்டை ஏற்றியவருக்கு வேண்டியது அதுதான். விலையும் எடையும் ஏறின, மறுக்கவில்லை. ஆனால் டீக்கடைத் தீர்ப்பு சில ஆண்டுகளில் சத்தமில்லாமல் மாறிப்போனது. இன்று வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போகும் எக்ஸ்எல்லைப் பார்த்து யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நிறுவனம் 130 கிலோ என்று சொன்னால் நம் ஆட்கள் அதை ஒரு ஆரம்ப விலைபோல எடுத்துக்கொள்கிறார்கள். அது வேறு பஞ்சாயத்து.

இறக்கத்தில் உள்ள வித்தியாசத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஏற்காட்டிலிருந்தோ கொல்லிமலையிலிருந்தோ இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடிவிடுவோம். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் நின்றால் ஆயிலும் நிற்கிறது. சக்கரமோ இன்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. கொதிக்கிற சிலிண்டரில் ஆயிலில்லாத பிஸ்டன் ஒட்டிக்கொண்டால், ‘சீஸ்’ ஆகிவிட்டது என்பார்கள். பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். அதனால்தான் மலையில் பழகியவர்கள் இறக்கத்திலும் இடையிடையே ஆக்சிலேட்டரை ஒரு திருகு திருகிக்கொள்வார்கள். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஆயில் அடியில் தனியாக இருப்பதால் அந்தப் பயம் இல்லை. இன்ஜினே கொஞ்சம் பிரேக்காகவும் வேலை செய்யும். அதற்குப் பதில் அந்த ஆயிலை நாள் பார்த்து மாற்ற வேண்டும். நம் ஊரில் ஆயில் மாற்றும் நாள் என்பது பெரும்பாலும் இன்ஜினில் ‘கடகட’ சத்தம் கேட்கிற நாள்தான்.

இனி சைக்கிளில் மாட்டுகிறவர்களின் விஷயம். உலகம் முழுக்க விற்கும் சீன டூ-ஸ்ட்ரோக் கிட், ‘80 சிசி’ என்ற பெயரில் வருகிறது. அதன் சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 38. பெருக்கிப் பார்த்தால் 66 சிசி. பெயரிலேயே பதினான்கு சிசி பொய் சொல்கிற பொருளை நம்பிச் சாலையில் இறங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும். விலை குறைவு, இழுவை நன்றாக இருக்கும், மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டும். அதிர்வில் சைக்கிளின் நட்டுகளும் ஆரக்கால்களும் ஒவ்வொன்றாகத் தளரும். எதிர்ப்பக்கம், புல் வெட்டும் மெஷின்களில் வருகிற ஹோண்டாவின் குட்டி ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின்கள். ஜிஎக்ஸ் 35 என்பது 35.8 சிசி, மூன்றரைக் கிலோகூட இல்லை, எப்படிக் கவிழ்த்தாலும் ஓடும். அதற்கு வேண்டிய ஆயில் வெறும் 100 மில்லி. டூ-ஸ்ட்ரோக்தான் லேசானது, சாய்த்தாலும் ஓடும் என்ற பழைய வாதத்தின் உயிர் அந்த இன்ஜினோடு போய்விட்டது. அதன் தம்பி ஜிஎக்ஸ் 25, சரியாக 25 சிசி. ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன்.

அந்த 25 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் இன்ஜின் 25 சிசியைத் தாண்டாவிட்டால் அதை மோட்டார் வாகனம் என்றே கருதுவதில்லை. அதைத் தாண்டினால் பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் வரும். 66 சிசி கிட் பூட்டிய சைக்கிளுக்குப் பதிவெண் வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. காப்பீடு இல்லாத அந்த வண்டி யார்மீதாவது இடித்தால், இழப்பீடு ஓட்டியவர் குடும்பத்தின் தலையில்தான் விழும். “ஊருக்குள்ளேதானே ஓட்டறோம்” என்பது நீதிமன்றத்தில் செல்லாது. இன்ஜினைவிட எனக்குப் பயம் பிரேக்கில். மிதித்துப் போகிற பதினைந்து கிலோமீட்டர் வேகத்துக்காகச் செய்த ரப்பர் கட்டைகள் அவை. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். ஒரு குதிரைத்திறன் ஃபோர்-ஸ்ட்ரோக் அந்தச் சைக்கிளை அதிக வேகத்துக்குக் கொண்டுபோகாது என்பதே அதற்கு ஆதரவான முதல் வாதம் என்பேன்.

டூ-ஸ்ட்ரோக்கின் மேல் இன்றும் ஒரு கிறக்கம் இருக்கிறது. 1996இல் உற்பத்தி நின்ற ஆர்எக்ஸ் 100, புது பைக்கின் விலைக்குக் கைமாறுகிறது. அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று சுற்றிவந்து உறைபோட்டு மூடும் ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. தினசரி வேலைக்கான வண்டியோடு அதை முடிச்சுப் போட வேண்டாம் என்பதுதான்.

தொழில்நுட்பத்தால் டூ-ஸ்ட்ரோக்கைக் காப்பாற்றியிருக்க முடியாதா? முடியும் என்று காட்டியவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆர்பிட்டல் நிறுவனம், புகை வெளியேறும் ஓட்டை மூடிய பிறகு பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறையைக் கொண்டுவந்தது. இத்தாலியின் ஏப்ரிலியா அதை 50 சிசி ஸ்கூட்டரிலேயே வைத்தது. 2007 வாக்கில் பஜாஜ் அதே முறையில் ஆட்டோவும் விட்டது. கசிவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் பம்பு, இன்ஜெக்டர், கணினி எல்லாம் ஏறியபின் டூ-ஸ்ட்ரோக்கிடம் இருந்த எளிமையும் மலிவும் எங்கே? இரண்டும் போனபின் அதை வைத்துக்கொள்ளக் காரணம் இல்லாமல் போனது.

ஃபோர்-ஸ்ட்ரோக் பக்கமும் அதே கதை நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான் என் கவலை. 2020இல் பிஎஸ்-6 வந்தபின் எக்ஸ்எல் 100இலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது. மைலேஜ் கூடியது, புகை குறைந்தது. ஆனால் வண்டி நின்றுபோனால், எமரி பேப்பரும் பாக்ஸ் ஸ்பேனரும் வைத்திருக்கும் சாலையோர மெக்கானிக்கால் கோளாறு என்ன என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதைச் சொல்ல ஸ்கேனர் வேண்டும். அது பெரும்பாலும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கிறது. மதியச் சந்தைக்கு வண்டி கிடைப்பது இப்போது நகரத்தின் டோக்கன் வரிசையைப் பொறுத்தது. காற்றைச் சுத்தம் செய்ததற்கான விலையைக் கிராமத்துப் பட்டறைக்காரர் தன் தொழிலால் கொடுத்திருக்கிறார். அவருக்கு யாரும் எதுவும் ஈடு தரவில்லை. ஐடிஐக்களில் மாலை நேரப் பயிற்சி, குறைந்த விலையில் எல்லா நிறுவன வண்டிகளுக்கும் பொதுவான ஸ்கேனர் என்று அரசு யோசித்திருந்தால் அது பெரிய செலவே இல்லை.

மின்சார மொபெட் வந்தால் இந்த வழக்கே தள்ளுபடி என்பவர்கள் இருக்கிறார்கள். பாதி உண்மை. மோட்டார், நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையைக் கொடுக்கும். மூட்டைக் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. 2024 பிப்ரவரியில் லூனாவே மின்சார வண்டியாகத் திரும்பி வந்துவிட்டது. பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் போய்வருகிற பால்காரருக்கும் கீரைக்காரருக்கும் அதைத்தான் சொல்வேன். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி நான்கு சந்தை சுற்றுகிற வியாபாரிக்கு, சார்ஜும் பேட்டரி மாற்றும் செலவும் இன்னும் ஒத்துவரவில்லை. அவருக்கு இன்னும் சில ஆண்டுகள் ஃபோர்-ஸ்ட்ரோக்தான்.

பழைய டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்எல்கள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை; இன்றும் வரப்போரங்களிலும் சந்தை வாசல்களிலும் நிற்கின்றன. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2017 மார்ச்சில் கடைசியாகப் பதிவான டூ-ஸ்ட்ரோக் மொபெட்டுகள் 2032 மார்ச்சில் வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலுக்கு வந்து நிற்கும். அன்றைக்கு அந்த வண்டிக்காரரிடம் தகுதிச் சான்று தர முடியாது என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அவர் பதிவில்லாமல் அதையே ஊருக்குள் ஓட்டுவார். புகை அப்படியே இருக்கும், காப்பீடு மட்டும் இருக்காது. பழையதை ஒப்படைத்தால் புதிய ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கோ மின்சார மொபெட்டுக்கோ சாலை வரி தள்ளுபடி, கூட்டுறவு வங்கியில் குறைந்த வட்டிக் கடன், மாதத் தவணை அவர் பெட்ரோலில் மிச்சம் பிடிக்கிற தொகைக்கு மேல் போகாத அளவில் என்று ஒரு திட்டத்தை இப்போதே வகுத்தால், அந்த வாசலில் வரிசை நிற்கும். அதற்கு அரசின் கையில் இன்னும் சில நிதிநிலை அறிக்கைகள்தான் இருக்கின்றன.